மதிலோரக் குடியிருப்புக்கு ஒரு பாராட்டுரை

திருகோணமலைப் பட்டினத்தில் பாராட்டப்பட வேண்டியவர்கள் யார் என்று கேட்டால் நான் தயங்கமாட்டேன். பிள்ளையின் படிப்பு அரிச்சுவடியில் தொடங்குவதில்லை, காணி உறுதியில் தொடங்குகிறது என்று கண்டுகொண்ட பெற்றோரைச் சொல்வேன். அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த கல்வி அமைச்சின் சுற்றறிக்கையை அவர்களுக்கும் முன்னே வைப்பேன். விஜயதசமியன்று பிள்ளையை மடியில் இருத்தி, அரிசியில் அகரம் எழுதுவிப்பது நம் முன்னோர் வழக்கம். அது ஒரு காலைப்பொழுது வேலை. பிள்ளையின் பேரில் ஒரு விலாசம் எழுதுவிக்க ஐந்து வருடத் தவம் வேண்டும். எது பெரிய வித்தியாரம்பம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பட்டினத்தின் அமைப்பும் அந்தத் தவத்துக்கு ஏற்றதுதான். ஒருபக்கம் டச்சுக்குடா, மறுபக்கம் உட்துறைமுகம், நடுவில் ஒடுங்கிய நிலம். அதிலும் ஒரு முனையைப் பிரட்றிக் கோட்டை எடுத்துக்கொண்டது, இன்னொரு பக்கத்தைக் கடற்படைத்தளம் எடுத்துக்கொண்டது. மிஞ்சிய துண்டுக்குள் 1867இல் தொடங்கிய புனித சூசையப்பர் கல்லூரி, 1897இல் தொடங்கிய இந்துக் கல்லூரி, 1923இல் தொடங்கிய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி, மெதடிஸ்த பெண்கள் கல்லூரி, விக்னேஸ்வரா மகா வித்தியாலயம் என்று ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் நிற்கின்றன. கொஞ்சம் ஏறினால் உவர்மலையில் விவேகானந்தா. வடக்கே புல்மோட்டை, தெற்கே வெருகல் என்று நீண்டு கிடக்கும் ஒரு மாவட்டத்தின் பெற்றோர் கனவெல்லாம் இந்தச் சில தெருக்களுக்குள் வந்து முட்டுகின்றன. கனவு காண்பவர் தொகை வளரலாம். நிலம் வளராது. அதனால்தான் பட்டினத்தில் பாடசாலை மதிலோரம் ஒரு பரப்புக் காணி வைத்திருப்பவரை ஊர் கைகூப்பி வணங்குகிறது.

முதலாம் தர அனுமதிக்கான சுற்றறிக்கையை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். எவ்வளவு நியாயமான பங்கீடு. நூற்றுக்கு 50 இடம் கிட்டடியில் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு. 25 இடம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. 15 ஏற்கெனவே அங்கே படிப்போரின் சகோதரருக்கு. 5 கல்வித் திணைக்களங்களில் வேலை செய்வோருக்கு. 4 இடமாற்றம் பெற்ற அரச உத்தியோகத்தருக்கு. 1 வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்கு. கடற்கரையில் வலை இழுப்பவரின் பிள்ளைக்கு, தம்பலகாமத்து வயலில் நாற்று நடுபவரின் பிள்ளைக்கு என்று தனியே எந்த இடமும் ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கினால் அது பாரபட்சம் ஆகிவிடும் அல்லவா. பாரபட்சத்துக்கு அமைச்சு எப்போதும் எதிரி. தாய் படித்த இடத்தில் மகளும், அண்ணன் படிக்கும் இடத்தில் தம்பியும், கந்தோர் உத்தியோகத்தர் இறங்கிய ஊரில் அவர் பிள்ளையும் படிப்பதைத்தான் அது சமத்துவம் என்று கொள்கிறது. இந்தப் பங்கீட்டு முறை அரசியலமைப்புச் சொல்லும் சமத்துவத்துக்கு ஒத்துவருமா என்று 2007இல் உச்ச நீதிமன்றமே கேட்கவேண்டி வந்தது. அதன்பின் சுற்றறிக்கை பலமுறை திருத்தி எழுதப்பட்டது. காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, தூரம் என்ற மூன்று தூண்களும் அசையவில்லை. அந்த உறுதிப்பாட்டையும் பாராட்டத்தான் வேண்டும்.

முதலில் இடாப்பு. கிட்டடியில் குடியிருப்பதாக விண்ணப்பிப்பவர் கடந்த ஐந்து வருட வாக்காளர் இடாப்பில் தம் பெயர் அதே விலாசத்தில் இருப்பதைக் காட்டவேண்டும். பிள்ளைக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது நிரம்பியிருக்கவேண்டும். விண்ணப்பம் முந்திய வருட நடுப்பகுதியிலேயே போய்விடும். அப்படியானால் முதல் வருட இடாப்பில் பெற்றோர் பெயர் பதிந்த நாளில் அந்தப் பிள்ளை பிறந்தேயிராமலும் இருக்கலாம். உலகில் எத்தனையோ நாடுகள் பிறந்த குழந்தைக்கு உரிமை தருகின்றன. பிறக்குமுன்னே குழந்தையின் தகைமையைக் கணக்கெடுத்து வைக்கும் தூரதிருஷ்டி நம் நாட்டுக்கு வாய்த்திருக்கிறது. கல்யாணம் முடித்த கையோடு பட்டினத்தில் வீடு பார்க்கும் இளம் தம்பதியை யாரும் அவசரக்காரர் என்று சொல்லக்கூடாது. அவர்கள் சுற்றறிக்கையைக் கவனமாக வாசித்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் கிராமத்திலேயே இருந்து, பிள்ளைக்கு நாலு வயதானதும் விழித்துக்கொள்பவர்தான் கவனக்குறைவானவர். அந்தக் கவனக்குறைவின் தண்டனையைப் பிள்ளை அனுபவிக்கும். தண்டனைக் காலம் பதின்மூன்று வருடம்.

அடுத்தது உறுதி. சொந்தக் காணிக்காரருக்குப் புள்ளி கூட, குத்தகைக்கு இருப்பவருக்குக் குறைய. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஒரே ஒழுங்கையில், ஒரே கூரையின் இரண்டு பாதியில், வீட்டுக்காரரின் பேரனும் வாடகைக்காரரின் மகனும் ஒன்றாக விளையாடுகிறார்கள். இருவருக்கும் ஐந்து வயது. இருவரும் 'அ' எழுதுவார்கள். ஒருவன் மற்றவனைவிடத் தகுதியில் கூடியவன் என்று நொத்தாரிசின் கையொப்பம் சொல்லிவிடுகிறது. பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவேண்டிய சிரமமும் இல்லை. நேர்முகத்துக்குப் போவது பெற்றோரின் கோவைதான்: உறுதி, மின்கட்டணப் பட்டியல், நீர்க்கட்டணப் பட்டியல், கிராம சேவகர் அத்தாட்சி. பிறகு வீடு பார்க்க ஒரு குழு வரும். பிள்ளை எங்கே படுக்கிறது, உடுப்பு எந்த அலுமாரியில் இருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். சொந்த மண்ணில் ஆமிக்காரர் வந்து வீட்டுப் பட்டியல் கேட்ட காலத்தைக் கண்ட மக்கள் இதற்கு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது தூரம். இங்கேதான் நம் கல்வி அமைச்சின் கேத்திரகணித அறிவு பளிச்சிடுகிறது. வீட்டை மையமாக வைத்து, விரும்பும் பாடசாலை வரைக்கும் ஆரம் எடுத்து, வரைபடத்தில் ஒரு வட்டம் போடுகிறார்கள். அந்த வட்டத்துக்குள் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரச பாடசாலை ஏதும் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டப்படும். இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். உங்கள் கிராமத்தில் ஒரு பாடசாலை இருக்கிறது. உங்கள் பாட்டன்மார் ஓலைக்கொட்டிலில் தொடங்கி, கல்லும் மண்ணும் சுமந்து, வாத்தியாருக்குச் சோறு போட்டு நிலைநிறுத்திய பாடசாலை. சுற்றறிக்கையின் கணக்கில் அது உங்கள் பிள்ளைக்கு நட்டம். சாம்பல்தீவில் ஒரு பாடசாலை, நிலாவெளியில் ஒரு பாடசாலை, உப்புவெளியில் ஒரு பாடசாலை என்று இடையில் நிற்கும் ஒவ்வொன்றும் ஒரு கழித்தல் குறி. ஊருக்கு ஊர் பாடசாலை வேண்டும் என்று போராடிய தலைமுறை தன் பேரப்பிள்ளையின் புள்ளியைத்தான் வெட்டிக்கொண்டிருந்தது என்று அமைச்சு இன்று நிரூபித்துக் காட்டிவிட்டது.

இதைப் புரிந்துகொண்ட பெற்றோரின் தியாகத்தை எழுத ஒரு கட்டுரை போதாது. வீட்டையும் கிணற்றையும் மாமரத்தையும் மூதூரில் விட்டுவிட்டு, பட்டினத்து ஒழுங்கையில் ஓர் அறையும் குசினியும் எடுத்துத் தாயும் பிள்ளையும் இருக்கிறார்கள். தகப்பன் ஊரில் தனியே சமைத்துச் சாப்பிட்டு வயலைப் பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஒரு பை மரக்கறியோடு பஸ்ஸில் வருகிறார். அம்மம்மாவும் அப்பப்பாவும் ஊரோடு நின்றுவிட்டார்கள். பிள்ளைக்கு மாட்டைத் தெரியாது, மடுவைத் தெரியாது, ஊர்க் கோயில் திருவிழா எந்த மாதம் என்று தெரியாது. அது தெரிந்து எந்தப் பரீட்சைக்கு ஆகப்போகிறது? ஓர் அறைக்குள் காற்று வராது, ஆனால் அந்த அறைக்குப் புள்ளி உண்டு. ஊர் வீட்டு முற்றத்தில் காற்று உண்டு, புள்ளி இல்லை. பெற்றோர் எதைத் தெரிவார்கள் என்று கேட்கவும் வேண்டுமா. இந்தத் தாய்மாரைப் பாராட்டும்போது என் குரல் மாறுவதை நான் மறைக்கவில்லை. இவர்களை இந்த இக்கட்டுக்குள் தள்ளிவிட்டு, எங்கள் கல்வி இலவசம் என்று மேடையில் சொல்பவர்களின் தைரியத்தைப் பாராட்டும்போதுதான் அது இன்னும் மாறுகிறது.

வேறு வழி கண்டவர்களும் உண்டு. குடியிருப்பது ஓரிடம், இடாப்பில் பெயர் இருப்பது இன்னோரிடம். சித்தி வீட்டு விலாசம், சிநேகிதர் கடை விலாசம், ஒருநாளும் படுத்துறங்காத அறையின் மின்பட்டியல். நேர்மையாக வரிசையில் நின்ற ஒரு கூலித்தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைத்திருக்கவேண்டிய இடம் இப்படித்தான் கைமாறுகிறது. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். நல்லொழுக்கம் சொல்லித்தரும் பாடசாலையில் பிள்ளையைச் சேர்ப்பதற்காகப் பொய்ச்சத்தியம் செய்யத் துணிந்த அவர்களின் கல்விப் பற்றை நான் எப்படிக் குறைத்து மதிப்பேன்? முதலாம் தர அனுமதிக்குக் கையூட்டு வாங்கியதாகப் பாடசாலை அதிபர்களை இலஞ்ச ஆணைக்குழு பிடித்த செய்திகள் இந்த நாட்டில் அவ்வப்போது வருகின்றன. நல்ல பாடசாலை அரிதாக இருக்கும்வரை அந்தச் செய்தியும் வரும்.

சுற்றறிக்கையில் நான் மிகவும் மதிப்பது ஓர் ஏற்பாடு. ஆறு, களப்பு, சதுப்பு, ஒதுக்கக் காடு போன்ற இயற்கைத் தடைகளால் கிட்டடிப் பாடசாலைக்குப் போக முடியாதிருந்தால், அந்தப் பாடசாலைக்காகப் புள்ளி வெட்டமாட்டார்கள். கொட்டியாரக்குடாவைச் சுற்றி வாழும் எங்களுக்கு இது எவ்வளவு பெரிய கருணை. மகாவலி வந்து கலக்கும் குடா. திரும்பிய பக்கமெல்லாம் களப்பும் கழிமுகமும். கிண்ணியாவுக்கும் பட்டினத்துக்கும் இடையே மிதவைப் பாதையில்தான் நெடுங்காலம் ஏறி இறங்கினோம். 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. தண்ணீர் இருப்பதைக் கொழும்பில் ஒருவர் காகிதத்தில் குறித்து வைத்திருக்கிறார், புள்ளியில் தள்ளுபடியும் தந்திருக்கிறார்.

கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் அந்தத் தள்ளுபடி என்ன செய்தது என்று பார்ப்போம். பழைய பாலத்தை உடைத்து, புதிய பாலம் கட்டத் தொடங்கி, கட்டி முடிக்காமல் விட்டு, மக்கள் கடக்க ஒரு மிதவைப் பாதையை விட்டிருந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை, பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளையும் வேலைக்குப் போகும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு போன அந்தப் பாதை களப்பில் கவிழ்ந்தது. அன்றே பிள்ளைகள் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். இறந்த பிள்ளைகளின் பெற்றோர் மதிலோரம் வீடு தேடி அலைந்தவர்கள் அல்ல. வாக்காளர் இடாப்பில் வித்தை காட்டியவர்களும் அல்ல. இருந்த ஊரில் இருந்து, இருந்த பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள். அதாவது, ஓர் அரசு தன் குடிமக்களிடம் எதை எதிர்பார்க்கவேண்டுமோ அதைச் செய்தவர்கள். களப்பை இயற்கைத் தடை என்று சரியாக எழுதத் தெரிந்த நிருவாகம், அந்தத் தடையின்மேல் ஒரு பாலத்தை உரிய காலத்தில் கட்டத் தெரியாமல் இருந்தது. எழுதத் தெரிந்ததற்காவது பாராட்டிவிட்டுப் போவோம் என்று பார்த்தால், இந்த இடத்தில் எனக்கு நா எழவில்லை.

உறுதி இருந்தாலே போதுமா என்றால், சம்பூர் மக்களிடம் உறுதி இருந்தது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடியபோது சிலர் பிள்ளையை ஒரு கையிலும் உறுதியை மறுகையிலும் எடுத்துக்கொண்டுதான் ஓடினார்கள். அதன்பின் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் என்று முகாம்களில் கிடந்தார்கள். காணி அவர்களுடையது, காணிக்குள் கடற்படை. சம்பூர் மகா வித்தியாலயமும் முகாமுக்குள். 2015இலும் 2016இலும்தான் கட்டம் கட்டமாகத் திரும்ப முடிந்தது, பாடசாலையும் 2016இல்தான் கைக்கு வந்தது. 2006இல் முதலாம் தரத்தில் இருந்த பிள்ளை அதற்குள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வகுப்புக்கு வந்திருக்கும். இவ்வளவு காலம் ஒரு பாடசாலையைப் பத்திரமாகக் காவல் காத்துத் திருப்பிக் கொடுத்தமைக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டோம்.

முதலாம் தரத்தில் தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளை, இரண்டு வினாத்தாள், 200 புள்ளி. வெட்டுப்புள்ளி தாண்டினால் ஆறாம் தரத்தில் தேசிய பாடசாலை. இங்கே உறுதி கேட்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் மூன்றாம் தரத்திலிருந்தே பின்னேர ரியூசன், சனி ஞாயிறு ரியூசன், விடுமுறையில் விசேட வகுப்பு, கடந்தகால வினாத்தாள்கள், மாதிரி வினாத்தாள்கள், பிரபல ஆசிரியர் என்று எல்லாம் எங்கே இருக்கின்றன? அதே பட்டினத்துத் தெருக்களில். ஆகவே உறுதி கேட்காத பரீட்சைக்கும் விலாசம் வேண்டியிருக்கிறது. ஈச்சிலம்பற்றிலிருந்து பின்னேர வகுப்புக்கு வந்து இரவு எந்த பஸ்ஸில் ஏறித் திரும்புவது? வெற்றிபெற்ற வறிய பிள்ளைக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. 750 ரூபாவாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கினார்கள். பட்டினத்தில் ஓர் அறைக்கு என்ன வாடகை என்று திட்டம் எழுதியவர் யாரிடமும் விசாரித்துக் குழப்பிக்கொள்ளவில்லை. 2024 செப்ரெம்பர் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பத்து வயதுப் பிள்ளைகளின் வினாத்தாளை வெளியே கடத்துமளவுக்கு அந்தப் பரீட்சையின் மதிப்பை உயர்த்தியிருக்கிறோம்.

இந்தப் பரீட்சையையும் மத்திய பாடசாலைகளையும் நமக்குத் தந்தவர் கல்வி அமைச்சராயிருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவரைப் பற்றி ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். மனிதருக்கு நடைமுறை தெரியவில்லை. 1940களில், நல்ல பாடசாலைகளெல்லாம் கொழும்பிலும் பெரிய பட்டினங்களிலும் இருக்கின்றனவே என்று கண்டு, பிள்ளைகளைப் பட்டினத்துக்கு அழைப்பதை விட்டுவிட்டுப் பாடசாலைகளைக் கிராமத்துக்கு அனுப்பினார். ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகள், ஒவ்வொன்றிலும் ஆய்கூடம், நூலகம், தூரத்துப் பிள்ளை தங்க விடுதி. தகப்பன் எங்கே குடியிருக்கிறான் என்று கேட்காத ஒரு முறை. 1945 ஒக்ரோபர் முதலாம் திகதி இலவசக் கல்வியையும் கொண்டுவந்தார். காணி விலைக்கும் கல்விக்கும் உள்ள இயற்கையான உறவை அறுக்கப் பார்த்த அந்த மனிதரின் அனுபவக் குறைவை, பின்வந்த கல்வி அமைச்சர்கள் ஒவ்வொருவராகத் திருத்தி எடுத்திருக்கிறார்கள்.

ஸ்ரீ சண்முக மகளிர் கல்லூரியை நிறுவிய தங்கம்மா சண்முகம்பிள்ளையும் அதே குறை உள்ளவர். பெண்பிள்ளைகள் படிக்க ஒரு பாடசாலை வேண்டும் என்று 1923இல் தன் சொத்தைக் கொண்டுவந்து கொட்டினார். அந்தச் சொத்தை வைத்துக்கொண்டு மதிலோரம் நாலு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தால் இன்று என்ன விலை போகும். இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்த சுவாமி விபுலாநந்தரோ சொத்தே இல்லாத துறவி. காரைதீவில் பிறந்தவர், திருகோணமலையில் எந்த இடாப்பில் அவர் பெயர் ஐந்து வருடம் இருந்தது?

பல்கலைக்கழக அனுமதியில் எங்களுக்குக் கிடைக்கும் சலுகையையும் சொல்லாமல் விடக்கூடாது. திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்டங்களின் சனத்தொகைப்படி 55 வீதம், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம். திருகோணமலை அந்த 16இல் ஒன்று. வெருகலும் மொறவெவயும் குச்சவெளியும் பின்தங்கியிருப்பதால்தான் மாவட்டம் பின்தங்கியது என்று பெயர் பெறுகிறது. அந்தப் பெயரால் வரும் இடங்களுக்குப் போட்டியிடும்போது மாவட்டம் முழுவதும் ஒரே வரிசை. வரிசையின் முன்னே உயர்தர விஞ்ஞான ஆய்கூடமும் ஆசிரியரும் ரியூசனும் உள்ள பட்டினத்துப் பிள்ளை. பின்னே, பௌதிகவியலுக்கு ஆசிரியர் வருவாரா என்று காத்திருந்து கலைப்பிரிவுக்குப் போன கிராமத்துப் பிள்ளை. கிராமம் தன் வறுமையைச் சான்றிதழாகக் கொடுக்கிறது, பட்டினம் அதை வாங்கிக்கொண்டு பேராதனைக்குப் போகிறது. பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலுக்கு எதிராக அழுத நம் சமூகம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதிருப்பது பெருந்தன்மை அன்றி வேறென்ன.

இது நமக்கு மட்டும் வந்த ஞானம் அல்ல. 1970களில் சியோல் நகரின் பழைய புகழ்பெற்ற பாடசாலைகளை ஹான் ஆற்றுக்குத் தெற்கே கங்னத்துக்கு இடம்மாற்றினார்கள். கியொங்கி உயர்பாடசாலை 1976இல் போனது. வயலாகக் கிடந்த நிலம் பொன்னாக விலையேறியது. பொஸ்ரன் புறநகரில் பாடசாலை எல்லைக் கோட்டின் இரு பக்கத்து வீடுகளையும் ஒப்பிட்டு, நல்ல பாடசாலைப் பக்கம் விழுந்த வீட்டுக்குப் பெற்றோர் கூடுதல் பணம் கொடுப்பதை சண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999இல் கணக்கிட்டுக் காட்டினார். லண்டனில் எங்களூர்க் குடும்பங்கள் சட்டன், கிங்ஸ்டன் பக்கம் வீடு பார்ப்பதும் அங்குள்ள தெரிவுப் பாடசாலைகளை மனதில் வைத்துத்தான். அங்கே வீடு வாங்க முடியாதவருக்கு அடுத்த தெருவிலும் ஆசிரியர் நிறைந்த ஒரு பாடசாலை இருக்கும். எங்களூரில் அடுத்த தெரு என்பது களப்புக்கு அப்பால்.

கிராமத்துப் பாடசாலைக்கு என்ன நடக்கிறது என்று பட்டினம் கவலைப்படத் தேவையில்லை, அது தன்பாட்டில் நடக்கும். முதலில் உத்தியோகத்தரின் பிள்ளைகள் போகும். பிறகு கடைக்காரரின் பிள்ளைகள். பிறகு, நகையை அடைவு வைத்தாவது போகக்கூடியவரின் பிள்ளைகள். அதிபரிடம் கேள்வி கேட்கக்கூடிய பெற்றோர் எல்லாரும் போனபின் கேள்வி கேட்பார் இல்லை. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் ஆளணி குறையும். ஆசிரியர் குறைந்தால் மிஞ்சியவரும் போவார். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பெயர் வைத்துப் படி கொடுக்கிறார்கள். ஆசிரியர் தன் கட்டாயக் காலத்தை முடித்துக்கொண்டு இடமாற்றம் பெற்றுவிடுவார், பிள்ளைக்கு அந்த இடமாற்றம் இல்லை. நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகளில் தேசிய பாடசாலைகள் சில நூறு. மிச்சமெல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்ரெம்பரில் முடிந்தது, அதன்பின் வருடக்கணக்காகத் தேர்தல் இல்லை. எனவே எங்கள் மாகாணப் பாடசாலைகளுக்கு மக்கள் தெரிந்த கல்வி அமைச்சர் இல்லை, தட்டிக் கேட்க ஒரு சபையும் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பாடசாலை மணி அடித்துக்கொண்டிருந்தால் அது அங்கே நிற்கும் ஒன்றிரண்டு ஆசிரியரின் பிடிவாதம். அவர்களுக்கு நான் சொல்லும் பாராட்டில் உள்ளொன்று புறமொன்று இல்லை.

மற்றப் பாராட்டுகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கேட்கவேண்டியது சிறியதுதான், புதியதும் அல்ல. கிண்ணியா, மூதூர், கந்தளாய், திருகோணமலை வடக்கு ஆகிய ஒவ்வொரு வலயத்திலும் கணிதமும் விஞ்ஞானமும் முழு ஆசிரியரோடு நடக்கும் உயர்தரப் பாடசாலைகள் வேண்டும். தூரத்துப் பிள்ளை தங்க விடுதி வேண்டும். தன் ஊர்ப் பாடசாலையைத் தாண்டிப் போக விரும்பும் பிள்ளையிடம் புள்ளியை வெட்டும் சுற்றறிக்கை, அந்த ஊர்ப் பாடசாலைக்கு ஆசிரியர் தராத கல்விப் பணிமனையிடமும் எதையாவது வெட்டவேண்டும்.

பெற்றோரே, பட்டினத்தில் அறை பார்க்கப் புறப்படுமுன் ஒரு காலை உங்கள் ஊர்ப் பாடசாலைக்குப் போங்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எத்தனை மாதமாக இல்லை என்று அதிபரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அதை வாசித்து, எல்லாரும் கையொப்பமிட்டு, வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முதலாம் தர விண்ணப்பத்தையும் நீங்கள் பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறீர்கள். அதே நாளில், அதே தபாற்கந்தோரில், இதையும் அனுப்பிவிட்டு வாருங்கள்.